பதினோரு அடி தூரத்துத் தட்டு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரன் அர்த்தநாரி. இரண்டாவதாகச் செய்தவன் என் பெரியப்பா மகன் சென்னியப்பன். மூன்றாவது யார் என்று கேட்டால் அன்றைக்கு வந்த மேளக்காரர்களைச் சொல்லலாம். ஆனால் அவர்கள் ஊதச் சொன்னதை ஊதியவர்கள், அவர்களை விட்டுவிட்டேன்.

எங்கள் வீதி காவிரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு, நாலு என்று விசைத்தறி ஓடுகிற வீதி. சத்தத்தில் நன்றாகத் தூங்குவோம், தறி நின்றுபோனால்தான் திடுக்கிட்டு எழுந்து உட்காருவோம். அர்த்தநாரி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் வாசல்படியிலிருந்து என் வாசல்படிக்குப் பதினோரு அடி. செருப்போடும் அளந்திருக்கிறேன், வெறுங்காலோடும் அளந்திருக்கிறேன், மாறவில்லை.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் சுகந்திக்குக் காது குத்தினார்கள். பிள்ளைக்கு மூன்று வயது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், ஊசி ஏறுகிற நேரம் வீறிட்டு அழுதால் தாய்மாமன்தான் அந்தக் காதில் ஊதிவிட வேண்டும், அந்தத் தாய்மாமனைப் பிள்ளையின் அப்பன் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டோடு வீடு தேடி வந்து கூப்பிட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும், மில் முதலாளிக்கும் தெரியும். அர்த்தநாரி முதல் நாள் காலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுக்காமல், "மச்சான், நாளைக்கு ஒம்போது மணிக்கு. நேரத்தோட வந்துருங்" என்றான். அவ்வளவுதான். தலை கீழே போய்விட்டது.

மறுநாள் நான் குளித்து, புது வேட்டி கட்டி, மிளகு அளவுக்குச் செய்து வாங்கி வைத்திருந்த இரண்டு தங்கத் தோட்டையும் மடியில் முடிந்துகொண்டு, கதவைத் திறந்து வைத்து, நாற்காலியை வாசல் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரை ஆயிற்று, ஒன்பதாயிற்று, ஒன்பதே காலாயிற்று. பதினோரு அடியைத் தாண்டித் தட்டு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மேளத்தை ஓங்கி அடித்தார்கள், நாயனத்தை உச்சத்துக்கு இழுத்தார்கள், அதற்கும் மேலே ஏறி அந்தப் பிள்ளையின் அழுகை வந்தது. நல்ல நேரம் போகிறது என்று சென்னியப்பன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்களாம். அவனும் பாவாயிக்கு அண்ணன் முறைதானே என்றார்களாம். தட்டைப் பற்றிக் கேட்டதற்கு அர்த்தநாரி, "பக்கத்து ஊட்டுக்குத் தட்டைத் தூக்கீட்டு வந்தா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா மச்சான்?" என்றான்.

அன்றிலிருந்து அந்தப் படியை நான் மிதிக்கவில்லை. எனக்குப் பிள்ளையில்லை. என் சம்சாரமும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. என் மடியில் உட்கார உலகத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் முறை இருந்தது, அந்தப் பிள்ளையைச் சென்னியப்பன் மடியில் வைத்தார்கள். அவன் மடி இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது, தொப்பைக்குக் கீழே ஒரு சாண் அகலம்கூட இல்லாத மடி.

பிறகு அர்த்தநாரி சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை தறி கிடையாது. பதினோரு மணிக்கு வேறு ஏதோ தேசத்தில் எடுத்து, தமிழில் பேசவைத்த ஒரு தொடர் ஓடும். வானத்தில் பறக்கிற வண்டி, மூன்று சூரியன், பச்சை மழை, அந்த மாதிரி. வீதியே அவன் வீட்டில் கூடும். சென்னியப்பனுக்கு மட்டும் நாற்காலி. சுவர் வழியாக அவர்கள் சிரிக்கிற சிரிப்பு என் வீட்டுக்குள் விழும். மறுநாள் குழாயடியில் அந்தக் கதையையே பேசுவார்கள், நான் குடத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டும். அது பொறுக்காமல் ஞாயிறு தோறும் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்கு நடந்துபோய், பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு அதே தொடரை முழுதாகப் பார்த்துவிட்டு வருவேன்.

காது குத்தின பத்தொன்பதாவது வருஷம், வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதையில், ஒரு ஊருக்குள் இரும்பு ஆட்கள் வந்தார்கள். வந்து, ஊர்ச்சனத்தைப் பிடித்து பீரோ மாதிரி இருந்த பெட்டிகளில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது உள்ளே போனவர்கள் மார்பு இரும்பாக, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் வெளியே வந்தார்கள். பெண்டாட்டி அழுதாலும், பிள்ளை காலைக் கட்டினாலும், அவர்கள் "சரி" என்றார்கள், இல்லையென்றால் "தேவையில்லை" என்றார்கள். அந்த இடத்தில், மணி பதினொன்று நாற்பதுக்கு, எங்கள் கரையில் கரண்டு போயிற்று.

அந்தக் கரையில் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஜில்லா, வேறு கரண்டு. மெஸ்ஸில் நான் மிச்சக் கதையையும் பார்த்தேன். அங்கே பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை முடிந்தது, எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நான் பாலத்தைத் தாண்டி வந்தபோது எங்கள் வீதியில் அர்த்தநாரி வீட்டிலிருந்து சனங்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யாரும் செருப்புக்கு முட்டிக்கொள்ளவில்லை, கரண்டுக்காரனைத் திட்டவில்லை. அவரவர் செருப்பை அவரவர் போட்டுக்கொண்டு, தறி மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி நெஞ்சுக்குள் ஒரு ரீங்காரத்தோடு, அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அறுபத்திரண்டு பேர். அர்த்தநாரி, அவன் மகள் சுகந்தி, சென்னியப்பன் எல்லாரும் அதில் சேர்த்தி. என் தங்கை பாவாயி அந்த நேரம் அடுப்படியில் வந்தவர்களுக்கெல்லாம் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தாள்.

ஏன் இப்படி ஆனது என்று இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் யார் வீட்டில் எத்தனை பேர் என்று பேசினார்கள், நாலாம் நாளிலிருந்து பழகிவிட்டது. டாக்டர் ஒருவர் வந்து எல்லாருக்கும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு நல்ல பிரஷர் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டால் சில்லென்று இருந்தார்கள், விடிகாலையில் எவர்சில்வர் சொம்பைத் தொடுகிற மாதிரி. தரையில் தொலைந்த ஊசி, ஊக்கு எல்லாம் அவர்கள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன, அதனால் பெண்கள் எதையாவது தொலைத்தால் வீட்டுக்காரரை இரண்டு நடை நடக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை தலைக்கு வைக்கிற எண்ணெயில் இரண்டு கரண்டி மிச்சம் பிடித்து முட்டிக்கும் முழங்கைக்கும் விட்டார்கள். குழாயடிச் சண்டை நின்றது. தறியில் இழை அறுந்தால் அந்த நொடியே கண்டார்கள், துணியில் ஒரு பழுது இல்லை என்று வெளியூர் முதலாளிகள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடை மட்டும் படுத்துவிட்டது. யாருக்கும் டீ தேவையில்லை.

ஆனி மாதம் மேட்டு வீட்டுப் பெரியவர் இறந்தார். மூன்று மகன்களும் வரிசையாக நின்று "சரி" என்றார்கள். அழ ஆளில்லாமல் பிணம் கிடந்தது. பக்கத்து வீதிப் பெண்கள் வந்து கைமாற்றாக அழுது கொடுத்தார்கள், பின்னால் எங்கள் வீதிக்காரர்களுக்குக் குணமானால் திருப்பி அழ வேண்டும் என்று பேச்சு. ஆண்களில் வாய்விட்டு அழுதவன் நான் ஒருவன். செத்தவருக்காக அழவில்லை. பாடையின் அந்தப் பக்கம் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது வருஷமாக அவன் மூட்டிய நெருப்பில் நான் வெந்துகொண்டிருக்க, மூட்டியவன் நெஞ்சு குளிர்ந்துபோய் நிற்கிறானே என்று அழுதேன். சனங்களுக்கு அது தெரியுமா? "நாச்சிமுத்தண்ணனுக்குத்தான்டா ஈர மனசு" என்று சொல்லி அதற்குப் பிறகு எல்லாச் சாவுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். தட்டு இல்லாமல்தான்.

ஒருநாள் பாவாயி குழாயடியில் என்னைப் பார்த்து, "அண்ணா, என்ற ஊட்டுக்காரரு இப்பத்தான்ணா மனுசனாட்டம் இருக்கறாரு" என்றாள். "சோத்துத் தட்டைத் தூக்கி வீசறதில்ல. ஒரு கெட்ட வார்த்தை இல்ல. சொன்னாச் சரிங்கறாரு."

"அப்ப உனக்கு நல்லதாப் போச்சு" என்றேன்.

"புள்ளதான்ணா... கல்யாணம் பேசியிருக்குது. மாப்பிள்ளை போட்டோவக் காட்டுனன். சரிங்கறா. புடிச்சிருக்குதான்னா தேவையில்லைங்கறா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சண்டை போடாத மருமக கெடச்சிட்டான்னு கோயில் கோயிலாச் சுத்தறாங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மத்தியானம் தறியில் நின்றுகொண்டு, எனக்கு நானே அந்த மிச்சக் கதையை முணுமுணுத்தேன். தனியாக இருக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்துத் தறியில் மாரக்காள், அவளும் அறுபத்திரண்டில் ஒருத்தி. நான் பாதிக் கதைக்கு வந்தபோது அவளுடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வலது கண் அப்படியே எவர்சில்வராக இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த இடது கண் தை மாதம் வரைக்கும் அழுதுகொண்டே இருந்தது, கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று யாரோ நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விட்டார்கள். எனக்குத்தான் தெரியும். அவர்களுக்கு ஒன்றும் நோய் இல்லை. கதை பாதியில் நின்றுவிட்டது, அவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மிச்சத்தைச் சொன்னால் திரும்பி வந்துவிடுவார்கள். மிச்சம் தெரிந்தவன் இந்தக் கரையில் நான் ஒருவன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அர்த்தநாரி என்னிடம் வரட்டும், வந்து தலையைக் குனியட்டும், அன்றைக்குப் பண்ணியது தப்பு மச்சான் என்று மனசு நொந்து சொல்லட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்று இருந்தேன். ஆனால் தலை குனிய அவனுக்கு மனசு வேண்டும், மனசு வர மிச்சக் கதை வேண்டும், மிச்சக் கதை என் வாயில் இருந்தது, என் வாய் அவன் தலை குனிவதற்காகக் காத்திருந்தது. இந்த முடிச்சைச் சுற்றிச் சுற்றி வந்து எட்டு மாதம் ஓடிவிட்டது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. தறிக்கெல்லாம் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். முடித்துவிட்டுத் திரும்பினால், பெண்டுகள் தங்கள் வீட்டுக்காரர்களையும் குளிக்க வைத்து, நெற்றியிலும் மார்பிலும் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டுத் தறிக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இயந்திரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு முறை என்று பிரித்துப் பார்க்க அந்த நேரம் யாருக்குத் தோன்றும்? பொரி கடலை படைத்தார்கள், சூடம் காட்டினார்கள். படைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பதால் அத்தனை பேரும் ஒரு பகல் முழுக்க அசையாமல் நின்றார்கள். இருக்கிறதிலேயே பெரிய மாலை அர்த்தநாரிக்கு. அதற்கு அடுத்தது சென்னியப்பனுக்கு. ஐம்பத்தெட்டு வயசுக்கு எனக்கு விழுந்தது ஒரே மாலை, அது என் கல்யாணத்தில் போட்டது, அதிலும் பாதி அரளி. நான் பொரியை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால், காலை ஏழரை மணிக்கு, அர்த்தநாரி அவன் படியில் இறங்கினான். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், சீப்பு வாழைப்பழம், மேலே ஒரு முழம் மல்லிகை. பாவாயிதான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வீதியே வாசலுக்கு வந்து பார்த்தது. தறிகளை நிறுத்தினார்கள். அவன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான், பதினோராவது அடியில் என் படியில் நின்றான். தட்டில் ஒரு பாக்குகூட உருளவில்லை.

"மச்சான். சுகந்திக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். வாருங்கள்" என்றான். அந்த டிவிக்காரர்கள் பேசுகிற தமிழ் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷமாக நான் கனவில் பார்த்த தட்டு. என் கை தானாக நீண்டது. நீண்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"மாப்ள, காதுகுத்துக்கு நீ தட்டுக் கொண்டாந்தியா?"

"இல்லை."

"அது தப்பா, இல்லையா?"

"தப்பு. முறை தவறியது."

"எனக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியுமா?"

"வலித்திருக்கும்."

"உனக்கு வருத்தமா இருக்குதா?"

"தேவையில்லை."

வீதி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், "அப்ப தட்டும் தேவையில்ல. எடுத்துட்டுப் போ."

"சரி" என்று திரும்பி, அதே பதினோரு அடியை எடுத்து வைத்துப் போய்விட்டான். கோபம் இல்லை, அவமானம் இல்லை. தட்டைத் திருப்பி அனுப்பப்பட்டவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! துடைத்து வைத்த சொம்பு மாதிரி போனான்.

டீக்கடை கிட்டான், வியாபாரம் இல்லாமல் எப்போதும் வெளியேதான் உட்கார்ந்திருப்பான், அவன் கேட்டான்: "ஏனுங்ணா, தட்டுத்தான் வந்துருச்சே. இன்னும் என்னங்?"

"தட்டு வந்துச்சு கிட்டா. மாப்பிள்ளை வர்ல."

"அவருதான தூக்கீட்டு வந்தாரு?"

"தட்டைத் தூக்க ஒரு ஸ்டூல் போதும்டா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முகூர்த்தத்தன்று காலையில் நான் குளித்தேன். புது வேட்டி கட்டினேன். டப்பாவைத் திறந்து அந்த இரண்டு மிளகுத் தோட்டையும் மடியில் முடிந்தேன். வருஷங்கள் போனதே தெரியாமல் கை அதன்பாட்டுக்குச் செய்தது. நாற்காலியை வாசல் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். வீதியை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் தொடங்கியது.

தட்டு வரவில்லை. பாவாயி வந்தாள், பட்டுச்சேலையில், வெறுங்கையோடு.

"நான் உங்களைக் கூப்புட வர்லீங்ணா. எனக்குக் கூப்புட முறையில்ல. சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தன்" என்றாள். வாசல்படியிலேயே நின்றாள். "இன்னிக்கு என்ற புள்ள ஊட்ட விட்டுப் போறா. அழ மாட்டா. சிரிக்க மாட்டா. நான் கட்டிப் புடிச்சு அழுதனா, அவ நெஞ்சு சில்லுன்னு இருக்கும். எனக்கு அவ அழுததே மறந்துபோச்சுண்ணா. அன்னிக்குக் காது குத்தயில அழுதாளே, அது ஒண்ணுதான் காதுல நிக்குது. அதுவும் உங்களுக்குக் கேட்டிருக்குமே, இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்."

கேட்டது. எனக்கும் நிற்பது அது ஒன்றுதான்.

அவள் போனாள். பிறகு எழுந்து அந்தப் பதினோரு அடியையும் நானே நடந்தேன், கூப்பிடாத வீட்டுக்கு, அத்தனை பேர் பார்க்க. பந்தலில் மற்ற அறுபத்தொரு பேரும் நேர்கோடாக உட்கார்ந்திருந்தார்கள், ரீங்காரம் மேளத்தோடு சேர்ந்து கேட்டது. சுகந்தி மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். அலங்காரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பொம்மைக் கடையில் நிறுத்தி வைத்த மாதிரி நின்றாள். பந்திக்குக் கூப்பிட வைத்திருந்த மைக்கை நான் எடுத்தேன். காதுகுத்துக்கு வந்த அதே மேளக்காரர்களைப் பார்த்து, "நிறுத்துங்க. நீங்க எனக்கு ஒரு காலைப் பொழுது பாக்கி" என்றேன். நிறுத்தினார்கள்.

மிச்சக் கதையைச் சொன்னேன். அந்த ஊரில் ஒரு பொம்பளை இருந்தாள், அவள் இரும்பாகிப்போன தன் புருஷனைத் தேடிக்கொண்டு அந்த வரிசைக்கு வந்தாள், வந்து கெஞ்சவில்லை, திட்டினாள், கூரை ஒழுகுகிறது, பெட்டிச் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தாய், உன்னைக் கட்டி என்ன கண்டேன் என்று திட்டினாள், அவன் எல்லாவற்றுக்கும் தேவையில்லை தேவையில்லை என்றான், அவளுக்கு ஆத்திரம் பொறுக்காமல் அவன் மார்பில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், அது இரும்பு, அடித்த கை சிவந்து வீங்கிப்போயிற்று, "ஐயோ வலிக்குதே" என்று கையை உதறினாள். அவ்வளவுதான். அந்த இரும்பு ஆள் அவள் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அந்தக் கையை எடுத்துத் தன் வாய்க்குக் கிட்டே வைத்து, பிள்ளைகளுக்கு ஊதிவிடுகிற மாதிரி ஊ என்று ஊதினான். ஊதியதும் அவன் மார்பு பீரோ கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து பழைய ஆள் இறங்கி வந்தான்.

நான் மைக்கை வைக்கவில்லை, அதற்குள் ரீங்காரம் நின்றது. எங்கள் வீதியில் தறி நின்றால் எப்படித் திடுக்கிட்டு எழுவோமோ அப்படி அறுபத்திரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். மாரக்காளின் வலது கண்ணும் அழத் தொடங்கியது, இடது கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. மேட்டு வீட்டு மூன்று மகன்களும் அப்பா அப்பா என்று மண்ணில் விழுந்தார்கள். எட்டு மாதத்துக்கு முந்தின குழாயடிச் சண்டை விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கியது. நாலு பேர் டீ எங்கே என்று கேட்டார்கள், கிட்டான் அடுப்பு பற்றவைக்க ஓடினான். சுகந்தி மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தாள், "இவருதானாம்மா போட்டோவுல இருந்தவரு?" என்று பாவாயியைக் கேட்டாள், பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். பாவாயி அவளைக் கட்டிக்கொண்டாள்.

அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்தான். அவன் கண் நிறைந்திருந்தது. பந்தலைச் சுற்றிப் பார்த்தான், மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னை நோக்கி வந்தான். நான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவா, கையில் வைத்துக்கொள்ளவா என்று தெரியாமல் நின்றேன். இந்த நிமிஷத்துக்காகத்தான் மழையிலும் வெயிலிலும் பாலத்தைத் தாண்டி நடந்தேன் என்று தோன்றியது.

"ஏனுங் மச்சான்" என்றான் அர்த்தநாரி. அவனுடைய பழைய குரல், நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். "தட்டுக் கொண்டாந்தப்ப, எடுத்துட்டுப் போன்னு தெருவே பாக்கத் திருப்பி அனுப்புச்சீங்க. அதெல்லாம் எனக்குள்ள ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப யாரு கூப்புட்டுங்க வந்தீங்க?"

பிறகு யாரோ ஒருவன் களுக்கென்றான், அடுத்தவன் சிரித்தான், அப்புறம் அறுபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு, எல்லாம் சேர்ந்து என் மேல் வந்து விழுந்தது.

"எட்டு மாசமா மிச்சத்த வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தியே பெரிய மனுசா" என்று மாரக்காள் வேறு கத்தினாள்.

நான் வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து வந்தது, "பக்கத்து ஊடுதான மாப்ள. பாக்கறவங்க சிரிக்கமாட்டாங்கன்னு வந்தன்" என்பதுதான். அது அவன் காதில் ஏறியது. ஏறியது என்று முகம் சிவந்ததில் தெரிந்தது. அதற்குள் ஐயர் நேரமாகிறது என்றார். அர்த்தநாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சென்னியப்பா, வாடா, நீயே வந்து பட்டத்தக் கட்டு" என்றான்.

சென்னியப்பன் வந்தான். பட்டம் கட்டினான். கட்டும்போது ஜிமிக்கி இழுத்து, சுகந்தி காதைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ், வலிக்குது" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வலி. நான் ஆறடி தள்ளி நின்றேன். என் உதடு குவிந்தது. சென்னியப்பன் குனிந்து, நான் சற்று முன்னால் மைக்கில் சொன்னபடியே, அவள் காதில் ஊ என்று ஊதினான்.

நான் திரும்பி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி மறுபடியும் சோற்றுத் தட்டை வீசுகிறான், பாவாயி மறுபடியும் அவனைத் திட்டுகிறாள், குழாயடியில் என்னைப் பார்த்தால் மட்டும், "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு, மறு நிமிஷமே, "புள்ள போன்ல அழுகறா, சிரிக்கறா" என்றும் சொல்கிறாள். சென்னியப்பனுக்கு டிவி முன்னால் இப்போதும் அதே நாற்காலி. நான் ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குப் போவதில்லை. பார்த்தவரைக்கும் போதும்.

ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. அர்த்தநாரி வீதியில் என்னைப் பார்த்தால் இப்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறான், கழுத்துக்குக் கீழே சிவக்கிறது. இயந்திரத்துக்குச் சிவக்காது. அவனுக்கு நெஞ்சு இருக்கிறது, அதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான். அதனால் பாக்கி இப்போது இரண்டாகிவிட்டது. சுகந்தி ஆடிக்குப் பிரசவத்துக்கு வருகிறாள் என்று சுவர் வழியாகக் கேட்டேன். பிறக்கிற பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் தாய்மாமன் முறை இல்லைதான், தெரியும். இருந்தாலும் அதன் தாய்க்குத் தாய்மாமனைக் கூப்பிட ஒரு தட்டு வர வேண்டும், அதுவும் முறைதான்.

நாற்காலி வாசலைப் பார்த்தபடியே கிடக்கிறது. இன்றைக்குக் காலையில் ஒரு தரம் அளந்து பார்த்தேன். பதினோரு அடிதான்.